கொடுப்புலி வாழும் சதுப்பு நிலத்தைக் காப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

கொடுப்புலியைக் காக்க வேண்டும் என்று எங்களிடம் வருபவர்கள் அநேகமாக ஒரு மரக்கன்றோடுதான் வருகிறார்கள். கூடவே ஓர் அறிவிப்புப் பலகைக்கான யோசனையும் இருக்கும். இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் கடைசியில். இலங்கையில் வத்தளைக்கும் நீர்கொழும்புக்கும் இடையில், முத்துராஜவெல சதுப்பின் ஓரத்தில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வரிசை மாறினால் செய்த வேலை நிற்காது. கோழி பறிகொடுத்த வீட்டுக்காரரிடம் போய்ப் பல்லுயிர் பற்றிப் பேசினால் கதவைச் சாத்திவிடுவார். காணி யாருடையது என்று தெரியாமல் நட்ட கன்று, மண் கொட்டும் டிப்பருக்கு அடியில் போகும்.

கொடுப்புலி என்று நாங்கள் சொல்வது மீன்பிடிப் பூனையை. உலக அளவில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என்றும், இலங்கையின் 2012 ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் (ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியல்) அழியும் ஆபத்திலுள்ள இனம் என்றும் அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மனிதர் வாழும் இடத்தை ஒட்டியே அது வாழ்வதால், சரணாலயத்துக்குள் மட்டும் வைத்து அதைக் காக்க முடியாது. உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பாய் நெய்ய எடுக்கும் பன்புல் பற்றையும் அதன் வீடுதான். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட துண்டு நிலங்களுக்காக.

தொடங்கும் முன் வேண்டியவை

நான்கைந்து பேர் வேண்டும். அதில் ஒருவர் சிங்களத்தில் கடிதம் எழுதக்கூடியவராகவும், ஒருவர் அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவராகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழில் கடிதம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மேசையில் இருப்பவர் அன்றே வாசிக்க வேண்டுமானால் இரண்டு மொழியிலும் கொடுங்கள்.

முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து, நீண்ட தடி, அளவுகோல், பென்சில், தடித்த அட்டை போட்ட கொப்பி. கமரா பிறகு. முதல் இரண்டு மாதத்துக்கு அது தேவையில்லை.

எலிக்காய்ச்சலை இலேசாக எடுக்காதீர்கள். சதுப்பு நீரில் இறங்கும் எவருக்கும் அது வரலாம். கால் கையில் புண் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். தொடர்ந்து இறங்குபவர்கள் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால், சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் அதைச் சொல்ல மறந்து நான்கு நாள் வெறும் காய்ச்சல் குளிசையோடு படுத்திருந்தார். கால்வாய்களில் முதலையும் உண்டு. தனியாக யாரும் போகக் கூடாது.

கடைசியாக, ஒரு முழு வருடம் வேண்டும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில் காலத்தையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஏன் என்பது இரண்டாவது படியில் விளங்கும்.

1. விலங்கைச் சரியாக அடையாளம் காணுங்கள்

புதிதாக வருபவர்கள் கொடுப்புலி என்று காட்டும் படங்களில் பாதிக்கு மேல் மரநாய் அல்லது புனுகுப் பூனை. இன்னும் ஆபத்தானது, கொடுப்புலிக் குட்டியைப் பார்த்துவிட்டு ‘சிறுத்தைக்குட்டி’ என்று ஊரெல்லாம் சொல்வது. அப்படி ஒரு கதை பரவினால் மாலைக்குள் தடியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். உடல் கட்டையாக, கால் குட்டையாக இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நீள்வாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரி வரை கரிய கோடுகள் ஓடும். வால் குட்டை, தடிப்பு, வளையங்கள் கொண்டது. உடல் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் வரும். காதின் பின்புறத்தில் வெள்ளைப் பொட்டு இருக்கும். வளர்ந்த பெண் 5 முதல் 9 கிலோ, ஆண் 16 கிலோ வரை போகும்.

சிறுத்தைக்கு வால் நீளம், புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும். மரநாய்க்கு மூக்கு கூர்மை, வால் உடலளவு நீளம். காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளியே தெளிவாகத் தெரியாது, காது நுனியில் மயிர்க்கற்றை இருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் வாலைப் பாருங்கள். இருட்டில் எடுத்த மங்கலான படத்திலும் வாலின் நீளம் தெரியும்.

2. தண்ணீரை வரையுங்கள், இரண்டு தடவை

பெரிய தாளில் உங்கள் பகுதியின் வாய்க்கால், குட்டை, வயல், பன்புல், சம்பு, நாணல், தாழைப் பற்றை, வீடு, வீதி, மதகு எல்லாவற்றையும் வரையுங்கள். கைபேசி வரைபடத்தில் சதுப்பு ஒரே பச்சையாகத் தெரியும். எது இடுப்பளவு தண்ணீர், எது கணுக்காலளவு என்று அதில் தெரியாது. கொடுப்புலிக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். அது பெரும்பாலும் ஆழம் குறைந்த ஓரத்தில் குந்தியிருந்து மீனை வாரி எடுக்கும். தேவையென்றால் பாய்ந்து முழுகியும் பிடிக்கும். பகலில் படுக்க அடர்ந்த புல் வேண்டும். ஆழமில்லாத கரையும் அடர்ந்த புல்லும் ஒன்றையொன்று தொடும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். உங்கள் வேலை முழுக்க அந்தச் சிவப்புக் கோட்டைச் சுற்றித்தான் இருக்கப்போகிறது.

வரைபடம் ஒன்று பெப்ரவரி வெயிலில், இன்னொன்று ஒக்டோபர், நவம்பர் மழையில். எங்கள் முதல் வரைபடத்தை மார்ச் மாதம் வரைந்தோம். அதில் ‘வெறும் புல்தரை, பயன் இல்லை’ என்று நானே எழுதி வைத்த துண்டில் நவம்பரில் முழங்கால் தண்ணீரும், அதில் கொக்கும் நாரையும் நின்றன. வெயிலில் காய்ந்து கிடக்கும் துண்டைத்தான் ‘தரிசு’ என்று சொல்லி முதலில் நிரப்புவார்கள். நீங்களும் அதைத் தரிசு என்று எழுதி வைத்திருந்தால் பிறகு வாதாட முடியாது.

3. காணி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பற்றைக்குள் அரச காணி, தனியார் உறுதிக் காணி, வயல் காணி, கால்வாய் ஒதுக்கீடு என நாலு வகை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய கதவு வேறு. கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு.

வயல் காணியென்றால் கமநல சேவை நிலையம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. கைவிட்ட வயலும் வயல்தான். புல் வளர்ந்துவிட்டதால் அது வயல் இல்லையென்று ஆகாது.

சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். முத்துராஜவெலவின் வடபகுதி 1996 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. வேறு சில சதுப்புகள், தலங்கம குளத்தைப் போல, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் வந்தவை. அவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை.

வாயால் கேட்டால் பதில் வராத இடத்தில் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, ‘இந்தச் சதுப்பைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று எழுதுவது. அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். ‘இன்ன வீதியில் இன்ன இலக்கக் காணியை நிரப்ப அனுமதி வழங்கப்பட்டதா? ஆம் என்றால் அதன் பிரதி தேவை’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்று கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தோம். இப்படி ஒரு கேள்வியாக எழுதிக் கொடுத்ததும் பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்ற ஒற்றை வரிப் பதில். அந்தத் தாளை இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

4. தடயம் தேடப் பழகுங்கள்

கொடுப்புலி இரவில் நடமாடும். கண்ணால் பார்ப்பேன் என்று காத்திருந்தால் வருடம் போய்விடும். அது விட்டுப்போனதைப் பாருங்கள்.

முதலில் சேறு. மழை விட்ட மறுநாள் காலை, வரம்பு ஓரமும் மதகின் வாயும் பார்க்க வேண்டிய இடங்கள். பூனை இனத்தின் தடத்தில் நான்கு விரல். மரநாய்க்கும் நீர்நாய்க்கும் ஐந்து. நாய்க்கு நான்கு விரலும் நகக்குறியும் இருக்கும். பூனைக்கு நகக்குறி பதியாது என்றுதான் படித்திருப்பீர்கள். கொடுப்புலிக்கு நகம் முழுதாக உள்ளே போகாது, ஆகவே இளகிய சேற்றில் நகக்குறி விழலாம். நகக்குறியை மட்டும் பார்த்து நாய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாயின் உள்ளங்கால் பதிவும் விரல்களும் இடமும் வலமும் சமச்சீராக, நீள்வட்டத்துக்குள் அடங்கும். பூனையின் தடம் வட்டமாகவும் சற்று ஒருபக்கம் சாய்ந்தும் இருக்கும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். அளவு தெரியாத தடப் படத்தால் எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது எச்சம். வரம்பின் மேல், கல்லின் மேல், மதகுச் சுவரின் மேல் கிடக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பழைய தேத்தண்ணி வடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எச்சத்தை அதில் போட்டு வாளித் தண்ணீரில் மெதுவாக ஆட்டினால் கறுப்புக் கரைந்து போய், வடியின் அடியில் மீன் செதிலும் எலி மயிரும் நண்டோட்டுத் துண்டும் தங்கும். முதல் தடவை அதில் வயல் எலியின் மஞ்சள் முன்பல் இரண்டு கிடந்ததைப் பார்த்தபோது பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வடியை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்குக் கொடுப்புலி என்றால் கோழிக் கள்ளன். மீனுக்கு அப்பால் அது எலியும் தின்னும் என்பதை நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நீர்நாயின் எச்சத்தோடு குழப்பிக்கொள்வது சகஜம். நீர்நாயினது உதிரியாக, செதிலும் முள்ளுமாகப் பொலபொலவென்று கிடக்கும், கடுமையான மீன் வாடை அடிக்கும். கொடுப்புலியினது கயிறு போல முறுகி, மயிர் கலந்திருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் கொப்பியில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி உள்ள கொப்பியைத்தான் அதிகாரிகள் நம்புவார்கள்.

மூன்றாவது, ஆட்களின் வாய்மொழி. மீன் பிடிப்பவர், பன் வெட்டும் பெண்கள், இரவில் திரும்பும் முச்சக்கர வண்டிக்காரர். ‘கொடுப்புலி பார்த்தீர்களா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். ‘ராத்திரியில் என்னென்ன மிருகம் பார்த்திருக்கிறீர்கள், வால் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள்.

5. கமரா வைப்பது

தடயம் கிடைத்த இடத்தில் மட்டும் வையுங்கள். தனியார் காணியில் உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சரணாலயத்துக்குள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வைக்கவே கூடாது.

உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, 30 முதல் 45 சென்ரிமீற்றர். இடுப்பளவில் கட்டினால் முதுகு மட்டும்தான் விழும். தண்ணீரை நேரே பார்க்க வைக்காதீர்கள், அலையும் வெயிலும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் வெறும் படம் எடுக்கும். கிழக்கு மேற்காக வைத்தாலும் அதே தொல்லை. வரம்புக்குக் குறுக்காக, வடக்கையோ தெற்கையோ பார்க்க வையுங்கள். முன்னால் ஆடும் புல் நுனியை மட்டும் கிள்ளுங்கள். படம் நன்றாக விழ வேண்டுமென்று இரண்டு அடிக்குப் பற்றையை வெட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். காக்க வந்த இடத்தையே வெட்டினால் எப்படி?

ஒவ்வொரு கொடுப்புலிக்கும் புள்ளி அமைப்பு வேறு. இடப் பக்கமும் வலப் பக்கமும்கூட ஒன்றுபோல் இராது. ஆகவே ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு கமரா வைத்தால்தான் எத்தனை விலங்கு என்று எண்ண முடியும். ஒரே கமராவில் பத்துப் படம் வந்தால் பத்துப் பூனை என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். ஒன்றே பத்துத் தடவை நடந்திருக்கும். ஒரு மாதமாவது வைத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், ஈரம் ஏறும். வாரம் ஒரு தடவை திறந்து துடையுங்கள்.

படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது பற்றி: போடலாம், ஆனால் இடத்தைச் சொல்லாமல். படத்தோடு ஒட்டி வரும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பின்னால் தெரியும் கோயில் கோபுரமோ தொலைத்தொடர்புக் கோபுரமோ போதும், தேடி வருபவனுக்கு.

6. கோழிக்கூட்டைத் திருத்துங்கள்

இதை ஆறாவதாக எழுதியிருக்கிறேனே தவிர, யாராவது கோழி போனது என்று சொன்னால் அன்றே செய்ய வேண்டிய வேலை இது. சதுப்பு ஓரத்தில் ஒரு கொடுப்புலி அடிபட்டோ விஷம் வைக்கப்பட்டோ சாவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் ஒரு கோழியின் சாவு. ஆத்திரத்தில் இருப்பவரிடம் சட்டம் பேசிப் பிரயோசனம் இல்லை. கூட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பேச்சு பிறகு தானாக வரும்.

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், கொடுப்புலியை வெளியே வைக்காது. பல்லால் இழுத்தால் கிழியும். வெல்டிங் செய்து ஒட்டிய கம்பி வலை, அரை அங்குலக் கண், அதுதான் வேண்டும். கண் பெரிதானால் கையை விட்டுக் கோழியின் காலைப் பிடித்து இழுக்கும்.

எல்லோரும் மறப்பது அடித்தளம். ஒரு வீட்டில் நான்கு பக்கமும் நல்ல வலை, கூரையும் நல்ல தகரம், ஆனாலும் இரண்டு கோழி போயின. கூட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தோம். கூடு கால் வைத்து உயர்த்திக் கட்டியது, தரை பனஞ்சலாகை. சலாகைகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி. கீழே ஈர மண்ணில் பின்னங்கால் இரண்டும் ஆழப் பதிந்த தடம். நிமிர்ந்து நின்று மேலே கையை விட்டிருக்கிறது. அடியிலும் வலை அடித்த பிறகு அந்த வீட்டில் கோழி போகவில்லை.

கதவுக்கு இரண்டு கொண்டி, மேலும் கீழும். ஒன்று மட்டும் இருந்தால் மறு முனை வளையும். இருட்டுமுன் அடைக்க வேண்டும், அதை யார் செய்வது என்று வீட்டில் ஒருவரை அப்போதே கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

அலங்கார மீன் குளம் இருந்தால் சட்டத்தில் கட்டிய வலையால் இரவில் மூடுங்கள். கொழும்பு நகருக்குள்ளேயே வீட்டுக் குளத்தில் கோய் மீன் பிடித்த கொடுப்புலி கண்காணிப்புக் கமராவில் பதிவாகியிருக்கிறது, ஆகவே ‘இங்கேயெல்லாம் வராது’ என்று இருக்க வேண்டாம். குளத்தின் அடியில் இரண்டு மூன்று மண்குழாய் போட்டு வைத்தால் மீனுக்கு ஒளியவும் இடமாகும்.

இழப்பீடு தருகிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் தொடர்ந்து கொடுக்க முடியாது, முதல் மாதம் தவறியதும் நம்பிக்கை போய்விடும்.

7. புல்லை எரிக்காமல், முறை வைத்து வெட்டுங்கள்

‘பற்றை வளர்ந்துவிட்டது, பாம்பு வருகிறது’ என்ற முறைப்பாடு நியாயமானது. அதற்குப் பதிலாகப் பற்றையை அப்படியே விடுங்கள் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டு வேலியிலிருந்து சில அடி தூரத்துக்குத் துப்புரவாக வெட்டிக்கொள்ளட்டும். அதற்கப்பால் உள்ளதை நான்கு துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்று வெட்டுங்கள். எப்போதும் மூன்று துண்டு நிற்கும். பன்பாய் நெசவுக்குப் புல் எடுப்பவர்களுக்கும் இந்த முறை ஒத்துவரும், இளம் புல் தொடர்ந்து கிடைக்கும்.

வெட்டும் திசை முக்கியம். வீட்டுப் பக்கமிருந்து தொடங்கித் தண்ணீரை நோக்கி நகர வேண்டும், உள்ளே படுத்திருக்கும் விலங்குக்குப் பின்னால் வழி இருக்கும்படி. நான்கு பக்கமும் சுற்றி வெட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தால், கடைசித் துண்டுக்குள் எல்லா உயிரும் மாட்டிக்கொள்ளும். மண் வாரும் பெக்கோ இயந்திரம் வேண்டாம். கத்தியால் வெட்டும் வேகம்தான் விலங்கு நகரப் போதிய நேரம் தரும்.

தீ வைப்பதை எந்தச் சமரசத்துக்கும் விடாதீர்கள். முத்துராஜவெலவின் அடிமண் மக்கிய புல்லாலும் வேராலும் ஆன கரி மண். காய்ந்த காலத்தில் மேலே அணைந்த தீ அடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டே போகும்.

வெட்டும்போது குட்டி கிடைத்தால் என்ன செய்வது என்பதை வேலை தொடங்குமுன் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது நடந்தது. பன்புல்லை மடித்து மிதித்துச் செய்த சின்னத் தட்டையான படுக்கை, அதில் கண் திறந்தும் திறக்காததுமாக இரண்டு குட்டிகள். வெட்டிக்கொண்டிருந்தவர் அன்பாகத்தான் சாரத்தில் சுற்றி எடுத்து வந்தார், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து. தாய் எங்கும் போயிராது. ஆள் சத்தத்துக்கு ஒதுங்கி இருக்கும். அதே இடத்தில் திரும்ப வைத்து, வெட்டிய புல்லை மேலே கூடாரம் போலச் சாய்த்து, எல்லாரும் வெளியேறினோம். இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வரம்பில் இருந்த கமராவில் அன்றிரவு இரண்டு மணிக்குப் பிறகு தாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கடந்தது, நாற்பது நிமிடம் கழித்து மற்றதையும்.

குட்டிகள் பல மாதம் தாயோடு இருந்துதான் மீன் பிடிக்கப் பழகும். வீட்டில் பால் கொடுத்து வளர்த்தது பிறகு சதுப்பில் பிழைப்பது மிகக் கடினம். தாய் செத்துக் கிடப்பதைக் கண்டாலோ குட்டி காயப்பட்டிருந்தாலோ மட்டும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குப் பேசுங்கள்.

8. கரையையும் கால்வாயையும் கவனியுங்கள்

கால்வாய் துப்புரவு செய்ய வரும்போது இரண்டு கரையையும் மொட்டையாக வழித்துவிடுவார்கள். வேலை தொடங்குமுன் பொறுப்பான பொறியியலாளரைச் சந்தித்து, இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை என்று கேளுங்கள். வெள்ளம் வடிய வேண்டும் என்பது அவருடைய கவலை. அதை நீங்கள் முதலில் ஒப்புக்கொண்டால் இதற்கு அவர் பெரும்பாலும் இணங்குவார். கம்பிக்கூட்டுக் கல் சுவர் கட்டினால், சில இடங்களிலாவது சரிவான கரை விடச் சொல்லுங்கள். செங்குத்துச் சுவரில் நின்று மீன் பிடிக்கவும் முடியாது, விழுந்தால் ஏறவும் முடியாது.

கைவிட்ட தங்கூசி வலைகளைக் கண்ட இடத்தில் சுருட்டி எடுங்கள். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் வைக்கும் சுருக்குக் கம்பியைக் கண்டால் முதலில் படம், பிறகு அறிவிப்பு. அது எந்த விலங்கு என்று பார்த்துச் சுருக்குவதில்லை.

9. வீதியும் நாயும்

இலங்கையில் கொடுப்புலிகள் சாவதற்கு வாகனங்கள் ஒரு முக்கியக் காரணம். அடிபட்ட இடங்களை வரைபடத்தில் கறுப்புப் புள்ளியாகக் குறித்து வாருங்கள். இரண்டு வருடத்தில் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிவது தெரியும், அநேகமாகச் சதுப்பின் இரு பாதியையும் வீதி வெட்டும் இடத்தில். அங்கே மதகு இருக்கிறதா, மழையில் முழுக்க நிரம்பிவிடுகிறதா என்று பாருங்கள். நிரம்பும் மதகை விலங்கு பயன்படுத்தாமல் வீதி மேல் ஏறும். உள்ளே ஒரு பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு சிறு திண்ணை கட்டச் சொல்லிக் கேட்கலாம். வேகத்தடையையும் அந்த இடத்துக்கென்றே கேளுங்கள், வீதி முழுக்கக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

தெருநாய்களுக்குச் சதுப்பு ஓரத்தில் சாப்பாடு வைப்பவர்களிடம் வைக்கும் இடத்தை ஊர்ப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள், தடுப்பூசி முகாமுக்கும் நாய்களைக் கொண்டுபோக உதவுங்கள். நாய் கொடுப்புலிக் குட்டிகளைக் கொல்லும், நோயும் கொண்டுவரும்.

10. மண் கொட்ட வரும் நாளுக்குத் தயாராக இருங்கள்

சதுப்பை நிரப்புவது அநேகமாக வெள்ளி இரவு தொடங்கும். அல்லது போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையில். அலுவலகம் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆகவே திங்கட்கிழமை எழுதலாம் என்று இருக்கக் கூடாது.

வேண்டியதை முன்கூட்டியே ஒரு கோப்பில் வையுங்கள்: மூன்றாவது படியில் சேர்த்த காணி விவரம், இரண்டு பருவ வரைபடம், திகதியிட்ட படங்கள், பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், சுற்றாடல் அதிகாரசபை ஆகியவற்றின் இலக்கங்கள். முறைப்பாட்டுக் கடிதம் திகதி மட்டும் நிரப்பும் நிலையில் இருக்கட்டும். கொழும்பு 2018 இல், ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் ஒன்று. நகர எல்லைக்குள் இருப்பவர்கள் கடிதத்தில் அதையும் ஒரு வரி சேருங்கள், மேசைகளில் அந்த வரிக்கு மதிப்பு இருக்கிறது.

டிப்பர் வந்தால் முன்னால் போய் நிற்காதீர்கள். சாரதி கூலிக்கு ஓட்டுபவர், அவரோடு சண்டை பிடித்து உங்கள் ஆளில் ஒருவருக்கு அடி விழுந்தால் கதை முழுக்க அதுவாகிவிடும். தூரத்திலிருந்து, வாகன இலக்கமும் பின்னால் அடையாளம் தெரியும் ஏதாவது ஒன்றும் விழும்படி படம் எடுங்கள். உடனே பொலிசுக்குச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாடு மறுநாள் எங்கும் இராது. காலையில் அதே கடிதத்தை எல்லா அலுவலகத்துக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

கடிதத்தில் கொடுப்புலியை மட்டும் எழுதாதீர்கள். அந்த நிலம் மழையில் எவ்வளவு தண்ணீர் தாங்குகிறது, நிரப்பினால் எந்த வீட்டு வரிசைக்குள் வெள்ளம் வரும் என்று எழுதுங்கள். இதில் எந்த ஏமாற்றும் இல்லை. பூனைக்கு வேண்டிய அதே பள்ளம்தான் உங்கள் வீட்டையும் காக்கிறது, அந்த வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் போடுவார்கள்.

11. நடுகை

இப்போது கன்றை எடுங்கள். வெட்டவெளியான கரையில், அந்த இடத்திலேயே முன்பு இருந்த இனங்களை மட்டும்: தாழை, சம்பு, நாணல், உவர்நீர் வரும் இடத்தில் கண்டல். திறந்த புற்சதுப்பில் நிழல் மரம் நட்டுக் காடாக்க வேண்டாம், புல் போனால் படுக்கை போய்விடும். பல இடங்களில் எதையும் நடாமல், நாலு மாதம் மாடும் கத்தியும் போகாமல் பார்த்துக்கொண்டாலே பன்புல் தானாக எழும்பும்.

12. வருடாவருடம் அதே இடத்தில் நின்று பாருங்கள்

நான்கு இடங்களைத் தெரிந்து கல் நட்டு வையுங்கள். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியிலும் நவம்பரிலும் அதே கல்லில் நின்று, அதே திசையில் படம் எடுங்கள். கரை எத்தனை அடி உள்வாங்கியது என்பதை மூன்றாம் வருடம் அந்தப் படங்கள் காட்டிவிடும், யாரும் மறுக்க முடியாது.

கொப்பியை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து இன்னும் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். 2016 மே வெள்ளத்தில் எங்கள் முதல் கொப்பி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பேனையால் எழுதிய பக்கமெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பென்சிலால் எழுதிய பதினொரு பக்கத்தை வெயிலில் காயவைத்து வாசித்தோம்.